காற்று முதலில், பெயின்ட் அப்புறம்

ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட்டைத் தூவும் பேனா மாதிரிக் கருவி) பிடிக்கச் சொல்லித்தரும் வீடியோ எதைப் போட்டாலும் ஐந்தாவது நிமிடத்தில் இந்த வாக்கியம் வந்துவிடும்: பெயின்ட்டைப் பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பால் என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டா, பச்சையா, நீலமா? கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஆரஞ்சு பாக்கெட் பதத்தில் ஊற்றினால் பெயின்ட் வெளியே வரும் 0.3 மில்லிமீட்டர் துளை, அதாவது நாசில், இரண்டே நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். சாயங்கால டீக்கடையில் தண்ணீர் விட்டு நீட்டிய பால் பதத்தில் ஊற்றினால், மாடல் விமானத்தின் இறக்கையில் விழுந்த பெயின்ட் சிலந்திக்கால் மாதிரி நாலாபக்கமும் ஓடும். நாலு வருடம் கழித்து எனக்குக் கிடைத்த விடை: நீல பாக்கெட், காய்ச்சாதது, அதில் இன்னும் ஒரு சங்கு தண்ணீர். ஏர்பிரஷ்ஷின் பெயின்ட் கப்பின் உள்சுவரில் தூரிகையால் ஒரு சொட்டு வைத்தால், அது மெல்லிய படலத்தைப் பின்னால் விட்டுக்கொண்டே மெதுவாக இறங்க வேண்டும். படலமே இல்லாமல் வழிந்தால் தண்ணீர் அதிகம். அங்கேயே நின்றால் போதாது. பாகு வைக்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பிளாஸ்டிக் விமானம் ஒட்டிப் பெயின்ட் அடிப்பது என் பொழுதுபோக்கு. "இந்த வயசுல பொம்மையா?" என்ற கேள்வி வீட்டில் ஓய்ந்துவிட்டது, சொந்தக்காரர்கள் வரும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறேன். ஒட்டுவது பத்து நாள் வேலை. பெயின்ட்தான் மாதக்கணக்கில் இழுக்கும்.

பள்ளிக்கூட நாட்களில் பிரஷ்ஷால்தான் பூசினேன். எவ்வளவு கவனமாகப் பூசினாலும் பொம்மை மாதிரியேதான் இருக்கும். ஏன் என்று புரிந்தது பல வருடம் கழித்து ஒரு கூட்டல் பெருக்கலில். 1/48 அளவு என்றால் நிஜத்தில் 48 அங்குலம் இருப்பது இங்கே ஓர் அங்குலம். பிரஷ் பூச்சு 0.05 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 48ஆல் பெருக்கினால் 2.4 மில்லிமீட்டர். நிஜ விமானத்தின் மேல் இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஊத்தப்பம் மாதிரி பெயின்ட் அப்பினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது என் மேசையில் நின்றவை எல்லாம். ரிவெட் தெரியாது, தகடுகள் சேரும் கோடு தெரியாது. பிரஷ்ஷாலேயே மாயம் பண்ணுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கை வாய்க்கவில்லை.

இப்போது மேசையில் இருப்பது ஒரு ஸ்பிட்ஃபயர் மார்க் 1, இரண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் போர் விமானம். தமியா நிறுவனம் 2018இல் புதிய அச்சில் வெளியிட்ட 1/48 கிட், அதாவது ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டி. நிஜ ஸ்பிட்ஃபயரின் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர்; இங்கே 23 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சரியாக என் கையில் ஒரு சாண். பெட்டியோடு வந்த அடையாளங்களை ஒதுக்கி வைத்துவிட்டு பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவான 234ஆம் ஸ்குவாட்ரனின் அடையாளங்களைப் போடுவது என்று முடிவு செய்தேன். காரணம் அதன் முழுப்பெயர்: 234 மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன்.

ஆமாம், நம்ம மெட்ராஸ்தான். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் தன் சாம்ராஜ்யம் முழுக்க விமானம் வாங்க உண்டியல் குலுக்கியது. ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று பேச்சுக்கு ஒரு விலை வைத்தார்கள். நிறையக் கொடுத்த ஊர், சமஸ்தானம், மாகாணங்களின் பெயரை ஸ்குவாட்ரனுக்கே சூட்டினார்கள். சென்னை மாகாணத்தின் பெயர் ஒன்றல்ல, மூன்று ஸ்குவாட்ரன்களில் ஒட்டிக்கொண்டது: 79, 234, 264. இதில் எவ்வளவு மனமுவந்து போட்ட காசு, எவ்வளவு கலெக்டர் முகத்துக்குப் பயந்து போட்ட காசு என்று எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. என் தாத்தா காலத்துத் திருநெல்வேலி மிராசுதார் ஒருவர் கையெழுத்துப் போட்ட செக்கில் ஒரு துண்டு இந்த விமானத்தின் புரொபெல்லராகச் சுற்றியிருக்கலாம் என்று கற்பனை செய்துகொள்வேன்.

234 தொடங்கியது 1939 அக்டோபரில், இங்கிலாந்தின் லெக்கன்ஃபீல்டில். 1940 ஆகஸ்ட் நடுவில் தெற்கு இங்கிலாந்தின் மிடில் வாலப் தளத்துக்கு வந்து நாலே வாரம் இருந்தது. அந்த நாலு வாரத்தில்தான் அதன் பெரிய சண்டைகள். செப்டம்பர் 7 அன்று ஒரே நாளில் ஸ்குவாட்ரன் தலைவர் ஓ'பிரையனும், அதன் சிறந்த வீரரான ஆஸ்திரேலியர் பேட் ஹியூஸும் செத்துப்போனார்கள். நான் செய்வது பாப் டோ என்ற இளைஞர் ஓட்டிய விமானம். வரிசை எண் எக்ஸ்4036, உடம்பில் எழுதிய அடையாள எழுத்து ஏஇசட்-டி. ஸ்குவாட்ரனின் லத்தீன் முழக்கத்துக்கு அர்த்தம், "தீயையும் சாவையும் உமிழ்கிறோம்." என் ஏர்பிரஷ் என்ன உமிழ்ந்தது என்று பிறகு சொல்கிறேன்.

ஏர்பிரஷ்ஷை எனக்கு உண்மையில் சொல்லிக்கொடுத்தது வீடியோக்கள் அல்ல. எங்கள் தெரு முனையில் ஒரு டிங்கரிங் பெயின்டிங் பட்டறை இருக்கிறது. அங்கே ஒரு அண்ணன் முப்பது வருடமாக கார் கதவுகளுக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருக்கிறார். இறக்கையில் எனக்கு ஒவ்வொரு கோட்டின் ஆரம்பத்திலும் ஒரு பொட்டு விழுந்துகொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் ஏர்பிரஷ்ஷைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா தம்பி இது, பேனா மாதிரி இருக்கு." பிறகு பொத்தானை ஒருமுறை அழுத்தினார், பின்னால் இழுத்தார், சிரித்தார்.

"நீ ரெண்டையும் ஒண்ணா பண்றே. காத்து முதல்ல வரணும், பெயின்ட் அப்புறம் வரணும். போறப்போ பெயின்ட் முதல்ல போவணும், காத்து கடைசில போவணும்."

அவ்வளவுதான் பாடம். இந்த வகை ஏர்பிரஷ்ஷில் ஒரே பொத்தானுக்கு இரண்டு வேலை. கீழே அழுத்தினால் காற்று. பின்னால் இழுத்தால் உள்ளே இருக்கும் ஊசி நாசிலை விட்டு விலகி பெயின்ட்டுக்கு வழி விடும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு பெயின்ட். நான் ஒரு கோடு முடிந்ததும் பொத்தானை மொத்தமாக விட்டுவிடுவேன். காற்று நின்ற பிறகும் ஊசிமுனையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்த தடவை அழுத்தும்போது அந்தச் சொட்டுதான் முதலில் பாயும். பொட்டு விழாமல் என்ன செய்யும்? விரல் எப்போதும் அழுத்தத்தில் இருக்கட்டும், முன்னும் பின்னும் மட்டும் நகரட்டும் என்றார். இன்னொன்றும் சொன்னார்: கதவில் அடிக்க ஆரம்பிக்காதே, கதவுக்கு வெளியே ஆரம்பித்துக் கதவைக் கடந்து போய் நிறுத்து. ஒரு சாண் விமானத்துக்கும் அதே விதிதான். என் கட்டைவிரல் அகலம் இருக்கும் வால் இறக்கைக்கும்.

அவருடைய அறிவுரையில் ஒன்றை மட்டும் கேட்டிருக்கக் கூடாது. அல்லது நான் அரைகுறையாகக் கேட்டேன். கப்பைக் கழுவ என்.சி. தின்னர் நல்லது, ஹார்டுவேர் கடையில் சல்லிசாகக் கிடைக்கும் என்றார். கழுவத்தான் சொன்னார். நான் அதையே பெயின்ட்டில் கலந்தால் என்ன என்று யோசித்தேன். வெளிநாட்டு தின்னர் சின்ன பாட்டிலுக்கு அவ்வளவு விலை, விமான பார்சலில் எரியும் பொருளை ஏற்றவும் மாட்டார்கள். கலந்தேன், அடித்தேன். ஒரு பழைய கிட்டின் இறக்கை என் கண்ணெதிரே மழையில் நனைந்த அப்பளம் மாதிரி நெளிந்தது. பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும். காரின் இரும்புக் கதவுக்கு அந்தக் கவலை இல்லை. அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை.

(நாசில் பற்றியும் ஒரு வரி. அரிசிமணியில் பாதி இருக்கும். அதை சிங்க்கில் கழுவாதீர்கள். சிங்க் அடியில் இருக்கும் பாட்டில் ட்ராப்பைக் கழற்றி, மூன்று மாதச் சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவில் இரவு பதினொரு மணிக்கு டார்ச் அடித்துத் தேடிய அனுபவத்தில் சொல்கிறேன். கிடைத்தது. கை நாற்றம் போக இரண்டு நாள் ஆனது.)

சரி, ஸ்பிட்ஃபயருக்கு வருவோம். 1940 கோடைக்கால ஸ்பிட்ஃபயருக்கு மூன்று நிறம். மேலே கரும்பச்சையும் மண்ணின் பழுப்பும். வயிற்றுப்பக்கம் ஸ்கை என்று ஒரு நிறம். இந்த ஸ்கைதான் என் மூன்று மாதத்தைத் தின்றது.

ஸ்கை என்று பெயர் வைத்தவர் வானத்தை எங்கே பார்த்தாரோ தெரியாது. துளி நீலம் கிடையாது. வெளிறிய பச்சை. ஆங்கிலேயர்கள் வாத்து முட்டை ஓட்டின் நிறம் என்பார்கள். நமக்குச் சொல்வதென்றால், சுரைக்காயின் தோலைச் சீவியதும் வெள்ளைச் சதைக்கு மேல் மெல்லிசாக ஒரு பச்சை நிற்குமே, அது. இதன் மூலக்கதை சிட்னி காட்டன் என்பவரிடம் போகிறது. போருக்கு முன்னாலும் போரின் தொடக்கத்திலும் ஜெர்மனி மேல் பறந்து ரகசியமாகப் படம் எடுத்த ஆஸ்திரேலியர். ஹெஸ்டன் விமான நிலையத்திலிருந்து ஜோத்பூர் மகாராஜாவின் வெளிர்பச்சை விமானம் கிளம்பிச் சட்டென்று வானத்தில் கரைந்து போனதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த நிறம் தோன்றியது என்பார்கள். கேமோடின்ட் என்று பெயர் வைத்துத் தன் விமானங்களுக்கு அடித்தார். பிறகு விமானப்படை அதை எடுத்துக்கொண்டு ஸ்கை என்று பெயர் மாற்றியது. 1940 ஜூனில் எல்லாப் போர் விமானங்களின் வயிற்றுக்கும் ஸ்கை அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. உத்தரவு வந்த வேகத்துக்குப் பெயின்ட் வரவில்லை. தளங்களில் இருந்தவர்கள் கையில் இருந்ததைக் கலந்து அடித்தார்கள். ஒன்று நீலம் தூக்கலாக, ஒன்று பச்சை தூக்கலாக, ஒன்று சாம்பலாக.

இதைப் படித்த பிறகும் நான் 'சரியான' ஸ்கையைத் தேடி மூன்று கம்பெனிகளின் மூன்று பாட்டில் வாங்கினேன். மூன்றிலும் ஒரே பெயர். பிளாஸ்டிக் ஸ்பூன்களின் முதுகில் அடித்து ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்தால் மூன்றும் மூன்று குடும்பம். டியூப் லைட்டில் ஒன்று நன்றாக இருக்கும். காலை வெயிலில் அதுவே மஞ்சள் காமாலை கண்ட மாதிரி இருக்கும். அதோடு இன்னொரு சிக்கல். நிஜ விமானத்துக்கு அடித்த அதே நிறத்தை ஒரு சாண் பொருளுக்கு அடித்தால் நிஜத்தைவிட அடர்த்தியாகத் தெரியும். தூரத்து மலை வெளிறித் தெரிகிற மாதிரி, சின்ன மாடலை நாம் தூரத்து விமானமாகவே பார்க்கிறோம். அதனால் கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும். எவ்வளவு என்பதில் மாடல் செய்கிறவர்களுக்குள் அடிதடி நடக்கும். நான் கடைசியில் இரண்டு பாட்டிலைக் கலந்து, பத்துக்கு ஒரு சொட்டு வெள்ளை விட்டு, போதும் என்று அடித்துவிட்டேன். 1940இல் மிடில் வாலப்பில் வாளியும் குச்சியுமாக நின்ற மெக்கானிக்கும் இதைத்தான் செய்திருப்பார். அவருக்குப் பின்னால் ஜெர்மன்காரன் வேறு வந்துகொண்டிருந்தான்.

மேல்பக்க உருமறைப்புக்கு ஒரு கணக்கு உண்டு. பொதுவாக, இரட்டைப்படை எண் விமானத்துக்கு ஏ வடிவம், ஒற்றைப்படைக்கு அதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி பி வடிவம். 4036 இரட்டை, ஆகவே ஏ. முதலில் முழுக்கப் பழுப்பு. பிறகு பச்சை வர வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்றதை மூட வேண்டும்.

இங்கே அந்த 48 மறுபடி குறுக்கே வருகிறது. நிஜத்தில் இரண்டு நிறமும் சேரும் விளிம்பு ஓர் அங்குலத்துக்கு மங்கலாக இருந்தது என்று வைத்துக்கொண்டால், என் மாடலில் அது அரை மில்லிமீட்டர். டேப் ஒட்டி அடித்தால் கத்தியால் வெட்டிய மாதிரி நிற்கும். கையால் அடித்தால் நாலு மில்லிமீட்டருக்குப் பனிமூட்டம். இரண்டும் வேண்டாம் என்றால் புளூ டாக்கை (சுவரில் போஸ்டர் ஒட்டும் பிசின் களிமண்) எடுத்து முறுக்குக்குப் பிழிந்த மாவு மாதிரி நீளமாக உருட்டி, வளைவு வளைவாக இறக்கையில் படுக்க வைக்க வேண்டும். உருண்டையான பொருள் என்பதால் அதன் ஓரம் பரப்பைத் தொடாமல் கொஞ்சம் தூக்கி நிற்கும். அந்த இடுக்கில் துளி பெயின்ட் நுழைந்து அந்த அரை மில்லிமீட்டரைத் தானாகக் கொடுக்கும். ஏர்பிரஷ் நேர் மேலே இருக்க வேண்டும். சாய்ந்தால் புழுவுக்கு அடியில் பெயின்ட் போய்விடும். காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ, தூரம் நாலு விரற்கடை. கம்ப்ரசர் புர்ரென்று ஓட, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கார்பன் மாஸ்க் மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து அடிப்பேன். விசிறி ஓடினால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து மணல் மாதிரி உட்காரும். விசிறி ஓடாவிட்டால் நெற்றி வியர்வை இறக்கையில் சொட்டும். நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டு, மாஸ்க்கோடு, கையில் ஒரு சாண் விமானத்துடன் நிற்கும் என்னைப் பார்த்து கேஸ் சிலிண்டர் போட வந்தவர் ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

புளூ டாக்கை உரிக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். பச்சைப் புழு ஒவ்வொன்றாக வரும். அடியிலிருந்து பழுப்பு வளைந்து வளைந்து வெளியே வரும். இதை யாராவது பக்கத்தில் நின்று பார்க்க மாட்டார்களா என்று இருக்கும். யாரும் நிற்பதில்லை, எல்லோருக்கும் சீரியல்.

ஏஇசட் எழுத்துகளை நானே டேப்பில் வெட்டி வெளிர்சாம்பலில் அடித்தேன். அப்போதுதான் உமிழ்ந்தது. ஒரு மணி நேரமாகக் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்காலம். ஏர்பிரஷ் ஒரு தும்மல் தும்மி இசட் மேல் தண்ணீர்த் துளிகளைத் துப்பியது. காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகிவிடும், அதுவும் ஐப்பசி கார்த்திகைச் சென்னைக் காற்று. கம்ப்ரசர் டேங்க்கின் அடித் திருகைத் திறந்தால் மூன்று நாலு ஸ்பூன் துரு நிறத் தண்ணீர் வந்தது. ஈரத்தைப் பிடிக்கும் குமிழும் தளும்பி நின்றது. தீயும் சாவும் மெட்ராஸ் போனால் தண்ணீர்தான்.

அதைச் சரிசெய்துவிட்டேன். அத்தோடு படுத்திருக்க வேண்டும். ஆனால் கண்ணாடி மாதிரி ஒரு லாக்கர் (வார்னிஷ் மாதிரி) பூச்சு போட்டுவிட்டால் மறுநாள் வட்ட அடையாளங்களை ஒட்டிவிடலாமே என்று ஆசை. டிகால் ஒட்டும் முன் பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுப்படத்துக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மினுங்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. அடித்தேன். ஈரமாக, வழவழவென்று, அழகாக உட்கார்ந்தது. ஒரு நிமிடம் கழித்து இடது இறக்கையில் ஒரு புகை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரும்பச்சை, பழுப்பு, ஏஇசட் எல்லாம் பால் கொட்டிய மாதிரி வெளுத்துப்போயின.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. லாக்கர் தின்னர் அதைவிட வேகமாக ஆவியாகும். பரப்பு சில்லிட்டுப் போகும். ஈரக்காற்றின் நீர் அதன் மேல் படியும். காய்ந்துகொண்டிருக்கும் பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். இந்த விளக்கமெல்லாம் எனக்கு அன்றே தெரியும். தெரிந்துதான் அடித்தேன்.

காலையில் அம்மா பார்த்துவிட்டு, "என்னடா இது, பூசணம் புடிச்ச மாதிரி?" என்றாள். ஈரத்தில் அடித்தேன் என்றேன். "வடாம் காயாத நாள்ல இதை எதுக்குடா அடிச்சே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் 1,200 ரூபாய் கொடுத்து ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தேன். அதைவிடக் கறாரான கருவி வீட்டில் இட்லி சுட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

சாதாரண மேட் அக்ரிலிக் என்றால் உரசி எடுத்துத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். லாக்கருக்கு ஒரு மன்னிப்பு உண்டு. மெதுவாக ஆவியாகும் லெவலிங் தின்னரை மட்டும் தூறலாக அடித்தால் மேற்பூச்சு மறுபடி இளகி, சிக்கிய ஈரத்தை வெளியே விடும். ஆனால் அதற்கும் காய்ந்த காற்று வேண்டும். விமானத்தைச் செருப்பு டப்பாவில் வைத்துப் பரண்மேல் ஏற்றினேன். கார்த்திகை போனது, மார்கழி, தை.

மாசியில் ஒரு காலை அம்மா மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து ஜவ்வரிசி வடாம் ஊற்ற ஆரம்பித்தாள். நான் டப்பாவை இறக்கினேன். பத்தரை மணி. மதியம் கடல்காற்று வருவதற்குள் முடிக்க வேண்டும். கம்ப்ரசரை எக்ஸ்டென்ஷன் வயரோடு மாடிப்படி நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டேங்க்கைக் காலி செய்தேன். காற்று முதலில். தின்னர் அப்புறம். இறக்கையின் அடியிலிருந்து முனை நோக்கி, வெளியே ஆரம்பித்து வெளியே நிறுத்தி, ஒரு தூறல்.

வெண்மை விளிம்பிலிருந்து உள்ளே சுருங்கியது. பழுப்பு வந்தது, பச்சை வந்தது. அப்படியே உடம்பிலும் ஒரு தூறல்: ஏ தெரிந்தது, இசட்டின் சாய்வுக்கோடு கடைசியாகத் தெரிந்தது.

அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "மெட்ராஸ் பிளேனுன்னு சொன்னியே, மெட்ராஸ்னு எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் எழுதலம்மா."

"பின்னே?"

பதில் யோசிப்பதற்குள் அவள் திரும்பிவிட்டாள். "காக்கா வருது பாரு, அந்தக் குச்சிய எடு."